இலங்கை வானொலி நாடகத்தில வந்த கோமாளிகள் நாலு பேரையும் முதல்ல எப்பிடிக் கண்டனீங்கள்?

நானே தொடங்குறன். எங்கட வீட்டு ரேடியோவுக்கு மேல அம்மம்மா பூப்போட்ட துணி விரிச்சு வச்சிருப்பா. இலங்கை வானொலியில 'கோமாளிகள் கும்மாளம்' எண்ட பகிடி நாடகம் துவங்கினா மனுசி புட்டுக்குழலும் கையுமா அடுப்படியில இருந்து ஓடி வந்திடும், அப்புக்குட்டி வாயத் திறந்தா "உவன் எங்கட பக்கத்துப் பெடியன்தான்" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அப்புக்குட்டியா நடிச்ச ராஜகோபால் எண்ட பேரெல்லாம் அவவுக்குத் தேவையில்லை. 1976ல 'கோமாளிகள்' எண்டு படமா வரேக்க கூட்டிக்கொண்டு போனம். திரையில ஆளைப் பாத்திட்டு நம்பேல்லை, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கொண்டு இருந்து குரலை மட்டும் கேட்டுப்போட்டு "ஓம், அவன்தான்" எண்டா!

*

எங்கட வாப்பாட கத இன்னும் மோசம். மரிக்கார் பேசினா அச்சு அசல் எங்கட முஸ்லிம் ஆக்கள்ட பேச்சு, அவரு நம்மட ஆள்தான்னு வாப்பா கடையில ஒருத்தரோட சண்டையே புடிச்சிருக்காரு. பொறகு பாத்தா மரிக்காரா நடிச்சது ராமதாஸ், அந்த ஐயரா வாறது அப்துல் ஹமீது, ரெண்டும் தலைகீழ் 😂 வாப்பா ரெண்டு நாள் அந்தக் கடப் பக்கமே போகல்ல. எனக்கு என்னமோ உபாலிதான் ஒசத்தி, உபாலியா வாற செல்வசேகரன் அந்த சிங்களத் தமிழ் பேசுறப்போ எங்கட பக்கத்து வீட்டு சிங்கள மாத்தயா, அவருக்கு தமிழ் அரைகுறைதான், அவரும் வாசலுக்கு வந்து நின்டு கேட்டு சிரிப்பாரு. இப்பிடி நாலு விதமா பேசி யாருக்கும் நோகாம சிரிக்க வைக்கிறது லேசான வேலயா?

*

நான் தஞ்சாவூர் பக்கம்ங்க. ஹமீது சார்னா எனக்கு டிவியில பாட்டுக்குப் பாட்டு தான், அந்த ளகர ழகர சுத்தம் இருக்கே, ஸ்கூல் தமிழய்யாவே பிச்சை வாங்கணும். அவரு ஐயர் வேஷத்துல காமெடி பண்ணுனாருனு சிலோன் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னப்ப சும்மா அடிச்சு விடுறான்னு நெனச்சேன், அப்புறம் ஃபோன்ல ஒரு பழைய ஒலிப்பதிவ போட்டான் பாருங்க, ரெண்டு தடவ திரும்பப் போடச் சொன்னேன். ராமதாஸ் 2016ல காலமானது எங்க சென்னையில தான். நான் அப்ப அங்கதான் வேலை பார்த்தேன், யாருன்னே தெரியாம இருந்துருக்கேன்.

*

திரும்பவும் நான்தான். 1978ல 'ஏமாளிகள்' எண்டும் ஒரு படம் வந்தது. அம்மம்மாவக் கூப்பிட்டன், "ரேடியோவில வரட்டும், கேக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுப் புட்டு அவிக்கப் போட்டா.