கடலூர்ப் புழுக்கத்திற்கு ஏர்கூலர் பயன்படுமா?

கேள்வி: பாதிரிமரம்
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் 76 வயதான என் அம்மா தங்கியிருக்கிறார். கத்திரி தொடங்கியதிலிருந்து இரவு 2 மணிக்குத் தொட்டாலும் தளமும் சுவரும் சுடுகின்றன. வேலூரில் இருக்கும் என் தங்கை, அங்கே 41 டிகிரி வெயிலிலும் ஏர்கூலரைப் போட்டால் அறை குளிர்ந்துவிடுவதாகச் சொல்கிறாள். இங்கே 35 டிகிரிதான் என்கிறார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்த்துக் கொட்டுகிறது. மின்கட்டணத்தை நினைத்து ஏசி வாங்கத் தயங்குகிறேன். ஏர்கூலர் வாங்கலாமா?

பதில்: கெடிலக்கரை
வாங்க வேண்டாம். ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. ஆகவே அது எவ்வளவு ஓடினாலும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே காற்றைக் கொண்டுபோக இயலாது. 41 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் அந்த அளவு ஏறத்தாழ 23 டிகிரி. நம் கடற்கரையில் 35 டிகிரியும் 65 விழுக்காடும் சேர்ந்தால் 29 டிகிரியைத் தாண்டிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் அறையின் ஈரம் இன்னும் கூடும்.

நம் உடலும் வியர்வையை ஆவியாக்கியே குளிர்கிறது என்பதால் கணக்கு ஒன்றுதான். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியானால் மனிதர் தாங்க முடியாது என்று 2010இல் ஓர் ஆய்வு கணித்தது; பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்தபோது, ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே அவர்களது உடல்வெப்பம் அடங்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், புவி வெப்பமாகும்போது கடலூர், சென்னை, டாக்கா போன்ற ஊர்களுக்கு வெயிலைவிடப் புழுக்கமே பெரிய கவலை.

பதில்: முத்தியால்பேட்டை மேஸ்திரி
ஐயா, முதலில் தளத்தைக் கவனியுங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் காங்கிரீட் இரவில்தான் கக்குகிறது. மொட்டை மாடியைக் கழுவி, சுண்ணாம்பில் சிறிது ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடியுங்கள். மழைக்காலத்தில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டியதுதான். புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனமான தளம், உயர்ந்த கூரை, நடுவில் முற்றம் எல்லாம் இருந்தன. இன்று நாங்களே ஐந்து அங்குலக் காங்கிரீட்டைப் போட்டுவிட்டுப் போகிறோம்.

பதில்: தேவனாம்பட்டினம்
கெடிலக்கரை சொல்வதில் ஒரு திருத்தம். மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில், நண்பகலில் இங்கேயும் காற்று உலர்ந்தே இருக்கும். அப்போது ஏர்கூலர் வேலை செய்யும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இரவுதானே சிக்கல்? கோடை முடியும்வரை அவரைக் கீழ் அறைக்கு மாற்றி, மின்விசிறியின்கீழ் படுக்க வையுங்கள். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

பாதிரிமரம்
அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். கீழ் அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிடலாமா?

கெடிலக்கரை
தட்டியைக் கட்டுங்கள், வெயிலைத் தடுக்கும். மேற்குக் காற்று வீசும் நண்பகலில் நனைக்கலாம். கடற்காற்று வந்தபின் நனைத்தால் அதுவும் ஏர்கூலர்தான்.