புதுப்பிப்பு: மோட்டார் சாஃப்டில் இறுகிய பேரிங் கழன்று வந்துவிட்டது

அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டாரில் (பம்பும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்தது) 6202 பேரிங் உடைந்து, குண்டுகளும் வெளிவளையமும் கழன்றுவிட, உள்வளையம் மட்டும் சாஃப்டிலேயே (மோட்டாரின் சுழலும் தண்டு) இறுகி நிற்கிறது, எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புல்லருக்கு (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) பிடிமானமே இல்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. துரு இளக்கும் எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறவைத்தும் அசையவில்லை. பலன் தந்தது, கட்டிங் மிஷினால் வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டு உளியால் அடிக்கச் சொன்ன யோசனைதான். முழுசாக வெட்டக் கூடாது. சாஃப்டைத் தொடக் கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, வெட்டுக்குள் உளியை வைத்து ஓங்கி ஒரு போடு. பேரிங் எஃகு ரொம்பக் கடினம், அதனால் வளையாமல் டப்பென்று விரிசல் விட்டது, அப்புறம் கையாலேயே உருவ முடிந்தது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், சில்லு தெறிக்கும்.

எதிர்பாராத ஒன்று: பேரிங் போனதற்குக் காரணமே மெக்கானிக்கல் சீல் (பம்பின் தண்ணீர் சாஃப்ட் வழியாக மோட்டாருக்குள் போகாமல் தடுப்பது) கசிவு. தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவியிருக்கிறது, அதனால் சீலையும் சேர்த்தே மாற்றினேன். புது பேரிங்கைச் சாஃப்டில் இறக்கும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து சீக்கிரமே இரைச்சல் வரும்.