பறப்பதை நிறுத்திய விமானங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தக்கோலத்தான்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் அரக்கோணம் பக்கம். ராஜாளி கடற்படைத் தளத்தின் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதற்கு நேராகத்தான் எங்கள் நிலம். 1992இல் தளம் திறந்தபோது எனக்கு ஏழு வயது. அதுவரை கோவாவில் இருந்த, நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கிற டியு-142 விமானங்கள் அப்புறம் இங்கே வந்து சேர்ந்தன. சோவியத் யூனியனிடமிருந்து 1988இல் வாங்கியவை, மொத்தம் எட்டு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இறக்கையில் நாலு இன்ஜின், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 15,000 குதிரைசக்தி, ஒவ்வொரு இன்ஜினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர், ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் இன்னொன்று அந்தப் பக்கம். சத்தம் அங்கிருந்துதான். காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் தெரியும். எங்கள் ஆயா வீட்டில் பலகைமேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டெல்லாம் கிர்ர்ர் என்று நகரும், ஆயா நெல் புடைப்பதை நிறுத்தாமலே "வந்துட்டான் பாரு" என்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சாக்பீஸைக் கையிலேயே பிடித்து நிற்பார், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் தொடரும் வரைக்கும் எங்களுக்கு லீவு.

2017 மார்ச் 29 அன்று அவற்றுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். 29 வருஷம், 30,000 மணி நேரம் பறந்து ஒரு விபத்துகூடக் கிடையாது. அடுத்த மாதமே அதில் ஒன்று கடைசியாக ஒருமுறை கிளம்பி விசாகப்பட்டினம் போனது. அங்கே பிரித்துக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து மறுபடியும் கோத்து, அந்த டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். எதிரில் 2002இலிருந்து குர்சுரா நீர்மூழ்கி நிற்கிறது. நீர்மூழ்கியைத் தேடிப் பிடிக்கிற விமானமும் நீர்மூழ்கியும் எதிரெதிர் வீடு, பூனையையும் எலியையும் ஒரே தெருவில் குடிவைத்த மாதிரி.

2019இல் மச்சினன் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது குடும்பத்தோடு பார்த்தேன். தேடுதல் வேலைக்குக் கடலில் போடுகிற மிதவைகள் (தண்ணீருக்கடியில் கேட்கும் ஒலியை மேலே விமானத்துக்கு அனுப்புபவை), உயிர்காப்புப் படகு, தனியாகக் கழற்றி வைத்த இன்ஜின் என்று நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. இறக்கைக்குக் கீழே வந்து புரொப்பல்லரை அண்ணாந்து பார்த்தேன். ஒரு இன்ஜினுக்கு எட்டு பிளேடு. இருபத்தைந்து வருஷம் தலைக்கு மேல் போனதில் அதை ஒருநாளும் என்னால் எண்ண முடிந்ததில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன், மனைவி தோளைத் தட்டி "ஏன் இப்படிக் குறுகிப் போய் நிற்கிறீங்க" என்கிறாள். பார்த்தால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறேன், சின்ன வயதில் வயலில் நிற்பது போலவே. பக்கத்தில் ஐஸ்க்ரீம்காரன் மணி அடிக்கும் சத்தம்தான் கேட்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. நான் ஏர்ஃபோர்ஸில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடம்பைப் பழுது பார்ப்பவன்) இருந்து ரிட்டயர் ஆனவன். பறக்கிற விமானத்தைப் பார்த்துக்கொள்வதைவிட நின்றுபோனதைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பறந்துகொண்டிருந்தவரை தினமும் ஒருத்தன் டார்ச் அடித்து ரிவெட் ரிவெட்டாகப் பார்ப்பான். கண்காட்சிக்கு வந்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை சுதந்திர தினத்துக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம், ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. கேட்டு வாங்கிய பழைய ஃபைட்டர் ஒன்றை வாசலில் கான்கிரீட் தூண்மேல் மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். மேலே ஏறுகிற மாதிரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு ஏழு வருஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள், வாலிலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது சார் என்று. போய்ப் பார்த்தேன். விமானத்தின் அடிவயிற்றில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை விமானம் சமமாக நிற்கும்போது வடிகிற இடத்தில் போட்டவை. நீங்கள் மூக்கைத் தூக்கிவிட்டால் மழைத்தண்ணீர் எல்லாம் வாலுக்கு ஓடி அங்கேயே நிற்கும். போதாக்குறைக்கு பெயிண்டர் எல்லா ஓட்டையையும் ஒழுங்காக பட்டி வைத்து அடைத்து மேலே எனாமல் அடித்திருந்தான், சுவருக்கு அடிப்பது போல. ஏணி போட்டு ஏறி ஒரு ஓட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், அரை பக்கெட் தண்ணீர் என் சட்டையில் இறங்கியது. மைனா கூட்டு வைக்கோலும் எச்சமும் சேர்ந்து ஊறிய தண்ணீர்.

அலுமினியம் துரு பிடிக்காது என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். விமானத்துக்குப் போடுவது சுத்த அலுமினியம் இல்லை, செம்பு கலந்த கலவை. அதில் இரும்பு போல்ட் உட்கார்ந்து நடுவில் உப்புத்தண்ணியோ எச்சத்தண்ணியோ சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். மேலே பெயிண்ட் பளபள என்று இருக்கும், உள்ளே தகடு பரோட்டா மாதிரி ஏடு ஏடாக உப்பிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு ஏட்டை நகத்தால் உரித்து பிரின்சிபால் கையில் வைத்தேன். மைக்கா மாதிரி இருக்கே என்றார்.

காக்பிட் கண்ணாடி இன்னொரு கதை. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். பெயிண்ட் தெறித்தது என்று தின்னர் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள், மொத்தமும் சிலந்திவலை போல வெடித்துவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

விஷயம் தெரிந்த இடத்தில் எப்படி இருக்கும் என்றால், எரிபொருள், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் வடித்திருப்பார்கள், எஜெக்‌ஷன் சீட்டில் (ஆபத்தில் விமானியை வெளியே எறிகிற இருக்கை) உள்ள வெடிமருந்தை முதலில் எடுத்திருப்பார்கள் (இதை மட்டும் யாரும் மறப்பதில்லை, உயிர் பயம்), எடை டயரில் இறங்காமல் ஸ்டாண்ட் தாங்கும். டயர் உருண்டையாக இருக்கிறதா, சப்பையா என்று பார்த்தாலே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். நான் எந்த மியூசியத்துக்குப் போனாலும் முதலில் குனிந்து டயரைத்தான் பார்ப்பேன், என் பேரன் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பான்.

கடுகு டப்பா:

ஐயா, பரோட்டா உதாரணத்துக்குப் பிறகு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை 😄 பெங்களூரில் எச்.ஏ.எல். (விமானம் தயாரிக்கிற அரசு நிறுவனம்) பாரம்பரிய மையத்தில் மாருத் என்கிற பழைய ஃபைட்டரைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் குர்ட் டாங்க் இங்கே வந்து வடிவமைத்தது, 1961 ஜூனில் முதலில் பறந்தது. நான் அதன் கீழே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன், என் அனுபவம் அவ்வளவுதான். டயரைப் பார்க்கவில்லை, அடுத்த முறை பார்க்கிறேன்.

பனிக்குளிர்:

நான் இருக்கிறது இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குக் கிட்ட. கொஸ்ஃபோர்டில் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகம் இருக்கு, ரயிலால இறங்கி நடந்தே போகலாம். அங்கே விமானங்களைச் செப்பனிடுகிற கூடம் தனியா இருக்கு, அப்ப வருஷத்தில் நவம்பரில் ஒரு கிழமை சனத்துக்குத் திறந்தவை. 2014இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், சரியான குளிர்.

அப்ப அங்கே இருந்தது ஒரு டோர்னியர் 17. 1940இல் சுட்டு விழுத்தப்பட்டு கென்ட் கரைக்கு அப்பால் கடலில் தலைகீழாகக் கிடந்த ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். அந்த வகையில் மிஞ்சினது உலகத்திலேயே இந்த ஒன்றுதான். 2013 ஜூனில் தூக்கினவை. எழுபது வருஷத்துக்கு மேல் உப்புத்தண்ணியில் கிடந்தும் சக்கர டயர் காற்றோட இருந்ததாம், பழைய ஃபிட்டர் ஐயா கேட்டால் சந்தோஷப்படுவார்.

பிரச்சினை என்னெண்டால் தண்ணிக்குள் கிடக்கும்வரை அது தாங்கும். வெளியே எடுத்துக் காற்றுப்பட்டால் உலோகத்துக்குள் ஊறின உப்பு வேலையைத் துவங்கிவிடும். அதால நீளமான பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணியைத் தெளித்துக்கொண்டே இருந்தவை. மாசக்கணக்கில்லை, வருஷக்கணக்கில். உப்பும் கரைந்து, ஒட்டியிருந்த சிப்பி பாசியும் கழண்டு விழும், உலோகத்துக்குப் பெரிசா சேதமில்லை. என்ர மகளுக்கு நான் சொன்ன விளக்கம், அம்மம்மா குத்துவிளக்கைத் தேசிக்காய்ப் புளி போட்டு மினுக்கிறது போல எண்டு. அவள் உடனே, அப்ப ஏன் மினுங்கேல்லை எண்டு கேட்டாள். நியாயமான கேள்வி. மினுக்க வேண்டாம் எண்டுதான் அவையள் முடிவெடுத்தது. புது விமானம் மாதிரி ஆக்காமல், கடலில் இருந்து வந்த கோலத்திலேயே வைக்கிறது. வளைந்த புரொப்பல்லர் வளைந்தபடிதான். கடலில் மோதினபோது வளைந்தது அது. அந்த விமானத்தில் வந்த நாலு பேரில் இரண்டு பேர் செத்தவை, அதை நிமிர்த்திப் பொலிஷ் பண்ணி வைத்தால் என்னால பார்க்க ஏலாது.

இன்னொரு விஷயம், அந்தக் காலத்து விமானங்களின் மீட்டர் முட்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பினம். ஒளிர்வது எப்பவோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்கேல்லை. அதால பழைய மீட்டர்களைத் தொட முதல் அளந்து பார்ப்பினமாம்.

வாஸ்கோ வாசி:

தக்கோலத்தான் அண்ணா, உங்கள் டியு-142க்கு ஒரு அக்கா இங்கே கோவாவில் இருக்கிறாள். கடற்படையின் 312ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) 1976இல் ஆரம்பித்தபோது ஓட்டியது சூப்பர் கான்ஸ்டலேஷன், 50களில் ஏர் இந்தியா பறக்கவிட்டு, அப்புறம் ஏர்ஃபோர்ஸ் வைத்திருந்து, கடைசியில் கடற்படைக்கு வந்த விமானங்கள். பிறகுதான் அதே ஸ்குவாட்ரனுக்கு உங்கள் டியு வந்தது. இப்போது அரக்கோணத்தில் பறக்கிற பி-8ஐ என்ற விமானமும் அதே 312தான்.

வாஸ்கோவில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் (1998இல் திறந்தது) அந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் ஒன்று திறந்தவெளியில் நிற்கிறது. மீன் மாதிரி நெளிந்த உடம்பு, வாலில் மூன்று சுக்கான். ஆபீஸ் விட்டு வரும் வழியில் மழைக்கு ஒதுங்கின சாக்கில் ஒருநாள் உள்ளே போனேன். பக்கவாட்டில் தண்ணீர் வழிந்து அடிவயிற்றில் வரிசையாகச் சொட்டியது, யாரோ ஊசி வைத்துக் குத்தின மாதிரி சம இடைவெளியில். அன்றைக்கு எதற்கென்று புரியவில்லை. இப்போது ஃபிட்டர் ஐயா எழுதியதைப் படித்ததும்தான் புரிந்தது.

பழைய ஃபிட்டர்:

அது சொட்டுகிறது என்றால் யாரோ ஓட்டையை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல சேதி. அடைத்துக்கொண்டால் சைக்கிள் ஸ்போக் கம்பியை முனை மழுக்கி உள்ளே விட்டு எடுத்தால் போதும், பெரிய வித்தை இல்லை. எஃகு கம்பி பிரஷ் மட்டும் போடவே கூடாது. அதன் இரும்புத்தூள் அலுமினியத்தில் பதிந்து புதுசாக அரிக்கும்.

தக்கோலத்தான் தம்பி, உங்கள் சத்தத்தைத்தான் எந்த மியூசியமும் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாலும் அந்த வயிறு அதிர்வு வராது, இருந்தாலும் யாரிடமாவது பதிவு இருக்கிறதா?

தக்கோலத்தான்:

ஐயா, கேட்டீங்களே. 1999இல் எங்கள் சித்தப்பா கல்யாணம், வீட்டு வாசலில் பந்தல். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் போனது. வீடியோக்காரர் கேமராவை அணைக்கவில்லை, மேலேயும் திருப்பவில்லை. ஐயர் வாய் அசைகிறது, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, ஒன்றும் கேட்காது, அதன் சத்தம் மட்டும். சித்தி கையில் இருக்கும் தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பாள். ஒரு நிமிஷம் இருக்கும்.

நேற்று ஊருக்கு போன் பண்ணினேன். கேசட் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறதாம், ஆனால் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது என்கிறார் சித்தப்பா. ஓட்டிப் பார்க்காதீங்க, வெயிலிலும் வைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போய் வாங்கி வருகிறேன். பூஞ்சை எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஆள் சென்னையில் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.