கிட் கிட்டார்ல பிரிட்ஜ் ஓட்டை தப்பா போட்டுட்டேன், காப்பாத்த வழி இருக்கா?

பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். ஸ்ட்ராட் (ஒரு எலக்ட்ரிக் கிட்டார் மாடல்) மாதிரி, நாமளே சேத்து பண்ற கிட், பாஸ்வுட் பாடி, ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) 648 மில்லி, பொண்ணுக்காக ரெண்டு மாசமா ஆபீஸ் விட்டு வந்து ராத்திரில தேய்ச்சு பாலிஷ் போட்டு பண்ணது. பிரிட்ஜுக்கு (பாடி மேல ஸ்ட்ரிங்கை தாங்குற தகடு) ஓட்டை இல்லாம வந்துச்சு, நான் நட்ல (கழுத்தோட மேல்முனைல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன கட்டை) இருந்து 648 அளந்து பிரிட்ஜ் தகடோட முன் விளிம்பை அங்க வச்சு ஸ்க்ரூவை இறக்கிட்டேன். இப்ப சேடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற, நகத்தக்கூடிய துண்டு) எல்லாத்தையும் முன்னாடி முட்ட தள்ளியும் 12வது ஃப்ரெட்ல (கழுத்துல இருக்கிற கம்பிக்கட்டு) ட்யூனர் மீட்டர் 13 சென்ட் ஃப்ளாட், அதாவது சுருதி கம்மின்னு காட்டுது. ஆறாவது ஸ்ட்ரிங் வேற ஃப்ரெட்போர்டு ஓரத்துக்கே வந்துடுச்சு. எம்சீல் வச்சு அடைச்சுட்டு பக்கத்துலயே ஓட்டை போட்டா நிக்குமா? பாடியை மாத்த மனசு வரல.

பதில்: மாத்தவே வேணாம் ப்ரோ. ஸ்ட்ரிங் பாடிக்குள்ள பூந்து பின்பக்கம் போகுதா, இல்ல பிரிட்ஜ்லயே மாட்டுறதா?

கேட்டவர்: பிரிட்ஜ்லயே தான் அண்ணா.

பதில்: அப்ப பாதி கஷ்டம் போச்சு. 648ங்கிறது தகடுக்கு இல்ல, ஒண்ணாவது ஸ்ட்ரிங் சேடிலுக்கு. அந்த சேடிலை ஏறக்குறைய முன்னாடி முட்ட வச்சு 648ல நிறுத்துங்க, மத்ததெல்லாம் அதுக்கு பின்னாடி தான் போகும், ஆறாவது மூணு நாலு மில்லி தள்ளி நிக்கும். நீங்க சொல்ற 13 சென்ட்டுக்கு அஞ்சு ஆறு மில்லி முன்னாடி வரணும். பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை ஆம்புக்கு அனுப்புற காந்தம்) இடிக்குதான்னு முதல்லயே பாத்துக்கங்க. அப்புறம் ட்ரில்லை தொடாதீங்க, தகடை டபுள் சைட் டேப்ல ஒட்டி ரெண்டு ஓர ட்யூனர்லயும் (ஸ்ட்ரிங்கை முறுக்குற திருகு) நூல் கட்டி சேடில் வரைக்கும் இழுத்து, கடைசி ஃப்ரெட்ல ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர்ற வரைக்கும் தகடை நகத்துங்க, இதுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

இன்னொரு பதில்: எம்சீல் வேணாம் தம்பி, ஆறு கம்பியும் சேந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுக்கும், மரத்துக்கு மரம் தான் சரி. ஃபர்னிச்சருக்கு போடுற 8 மில்லி டோவல் (உருண்டை மரக்குச்சி) எந்த ஹார்ட்வேர் கடைலயும் கிடைக்கும். பழைய ஓட்டையை 8 மில்லிக்கு பெருசாக்கி, பிட்ல டேப் சுத்தி ஆழத்தை குறிச்சுக்கங்க, பின்பக்கம் பொத்துக்கிட்டு வந்துடக்கூடாது. ஃபெவிகால் தடவி டோவலை தட்டி இறக்கி, மழை நேரம்ங்கிறதால ரெண்டு நாள் காய விட்டு, மட்டமா அறுத்து தேய்ங்க. புது ஓட்டை, ஸ்க்ரூவோட மரையை விட்டுட்டு நடுத்தண்டு தடிமனுக்கு போடணும், பாஸ்வுட் மெத்து மரம், பெருசா போட்டா பிடிக்காது. ஸ்க்ரூவுக்கு கொஞ்சம் மெழுகு தடவுங்க. தகடுக்கு அடியில வர்ற எர்த் வயரை மட்டும் அடைச்சுடாதீங்க, அது தகடை தொடலன்னா ஆம்ப்ல ஒரே இரைச்சல்.

கேட்டவர்: முடிச்சுட்டேன் அண்ணா! நூல் கட்டி பாத்தப்ப தான் ரெண்டு மில்லி பக்கவாட்டுலயும் தள்ளி இருந்தது தெரிஞ்சுச்சு. பழைய ஓட்டை எல்லாம் தகடுக்கு அடியிலயே போயிடுச்சு, பாலிஷை தொடவே இல்ல. 12வது ஃப்ரெட் ஆறு ஸ்ட்ரிங்லயும் சரியா நிக்குது. பொண்ணு காலைல இருந்து அதை கீழ வைக்கல.