பூனை வடிவப் பள்ளிக்கூடம்: கற்பனை யாருடையது?

கோட்டுச்சித்தன்:
ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரின் வோல்ஃபார்ட்ஸ்வையர் பகுதியில் பூனை வடிவத்தில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. ஓவியர் டோமி உங்கரரின் கைவண்ணம். வாய்வழியே உள்ளே போக வேண்டும், கண்கள் ஜன்னல், வால்தான் சறுக்குமரம். பெட்டி பெட்டியாகக் கட்டிவிட்டுச் சுவரில் முயல் வரைவதை நாம் எப்போது நிறுத்தப் போகிறோம்?

மணல்வீடு:
பூனை முதல் நாளும் பூனை, நூறாவது நாளும் பூனை. கற்பனையை உங்கரர் செய்து முடித்துவிட்டார், குழந்தைக்கு என்ன மிச்சம்? வெறும் அட்டைப்பெட்டி காலையில் கப்பல், மத்தியானம் கடை. பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இலேயே எழுதினார்: ஓர் இடத்தில் நகர்த்த, கலைக்க, சேர்க்க முடிகிற பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே புதிதாக ஏதாவது பிறக்கும். பலகை, துணி, மணல், தண்ணீர் போதும். கட்டிடம் அடக்கமாக ஒதுங்கி நிற்கட்டும்.

கோட்டுச்சித்தன்:
அட்டைப்பெட்டி போதுமென்றால் கட்டிடமே எதற்கு, மரத்தடி போதுமே! டோக்கியோ அருகே தச்சிகாவாவில் உள்ள ஃபூஜி மழலையர் பள்ளியைப் பாருங்கள். கட்டிடக்கலைஞர்கள் தெசுகா தம்பதி வடிவமைத்து 2007இல் முடிந்தது. முட்டை வடிவ வளையம், கூரை முழுக்க ஓடும் இடம். பழைய மரங்களை வெட்டாமல் கூரையைத் துளைத்து மேலே விட்டிருக்கிறார்கள், மரத்தைச் சுற்றி வலை. அங்கே பூனையும் இல்லை, முயலும் இல்லை. 'ஓடு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வளையத்துக்கு முடிவு கிடையாது, பிள்ளைகள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மணல்வீடு:
அது வேறு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஆரம்பித்தது பூனையில்!

பாலர்வகுப்பு டீச்சர்:
இருவரும் வகுப்புக்குள் வாருங்கள். அந்த ஃபூஜி பள்ளியில் வகுப்புகளுக்கு நடுவே சுவரே இல்லை. இரைச்சல் நல்லதுதான் என்று வடிவமைத்தவர் சொல்கிறார். மதியம் வரை அந்த இரைச்சலுக்கு மேல் குரல் எழுப்பப் போவது அவரல்ல.

சுவர்ப் படங்களைப் பற்றியும் ஒன்று. 2014இல் வெளியான, அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வில், படங்கள் அப்பிய அறையில் குழந்தைகளின் கவனம் கூடுதலாகச் சிதறியது, கற்றதும் குறைந்தது. எனவே முயலுக்கும் விடை கொடுக்கலாம்.

கோட்டுச்சித்தன்:
அந்த ஆய்வில் 24 பேர்தான், டீச்சர். அதுவும் உட்கார்ந்து பாடம் கேட்கும்போது. விளையாட்டுக்கு அதை நீட்டுவது சரியில்லை.

பாலர்வகுப்பு டீச்சர்:
அதனால்தான் பாடத்துக்கு வெறுஞ்சுவர் கேட்கிறேன், விளையாட்டுக்கு அல்ல. விளையாட்டில் பிள்ளைகள் தேடுவது ஒளிய ஒரு பொந்து. மேசைக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னும் போய் உட்காருவார்கள். ஆனால் எண்ணிப் பார்க்கும்போது எல்லாத் தலையும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் இடுப்பளவு தடுப்பு போட்டால் அவர்களுக்கு அது குகை, எனக்கு மேலே திறந்த வெளி. எந்த வரைபடத்திலும் இதை நான் பார்த்ததில்லை. சறுக்குமரம் மட்டும் தவறாமல் இருக்கும்.

மணல்வீடு:
டீச்சர் சொல்லும் தடுப்பையே நகர்த்தும்படி செய்தால்? குகையின் இடத்தைப் பிள்ளைகளே மாற்றட்டும்.

பாலர்வகுப்பு டீச்சர்:
நகரட்டும், என் மேல் சாயாமல் இருந்தால் சரி. அப்புறம் கோட்டுச்சித்தன், வாலைத் தொடும் முன் கழிப்பறையை வரையுங்கள். வகுப்பை ஒட்டியே, அரைக் கதவோடு. மூன்று வயதுக்குப் பொறுமை கிடையாது.