மறு: லேடில் – கரண்டியா, அகப்பையா, கெண்டியா?

> "பாட்டம் போர் லேடில்" (உருகிய ஈயத்தை மொண்டு, அடியில் உள்ளதைத் துப்பாக்கிக் குண்டு அச்சில் ஊற்றும் கரண்டி) என்பதற்கு "அடி ஊற்று உருக்குக் கரண்டி" என்று போடலாமா? ஈயக்குண்டு கட்டுரை நாளைக்குள் போக வேண்டும்.

வணக்கம்.

அவ்வளவு அவசரம் என்றால் "லேடில்" என்றே எழுதி அனுப்பிவிடுங்கள், குடி ஒன்றும் முழுகிவிடாது. "உருக்குக் கரண்டி" மட்டும் வேண்டாம். உருக்கு என்றதும் நமக்குச் சேலம் உருக்காலைதான் நினைவுக்கு வரும். படிப்பவர் எஃகுக் கரண்டி என்றே எடுத்துக்கொள்வார். "வார்ப்புக் கரண்டி"யும் வழுக்குகிறது. வார்த்துச் செய்த கரண்டியா, வார்ப்பதற்கான கரண்டியா? லைமன், ரோவெல் என்ற பெயர்களில் விற்கும் கரண்டிகள் வார்ப்பிரும்பில் செய்தவை என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

கட்டுரையில் வேறு இரண்டு இடங்களும் உறுத்தின. "வீட்டில் தோட்டா வார்ப்பவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. உங்கள் கட்டுரையில் வரும் அமெரிக்கர் தன் வீட்டுக் கொட்டகையில் வார்ப்பது குண்டை மட்டும். அப்புறம் "ஈயம்". ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்கள் நாம். அந்த ஈயம் வெள்ளீயம். குண்டு வார்க்கிற லைமன் 2ஆம் எண் உலோகக் கலவையிலோ 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. அங்கே வெறுமனே ஈயம் என்றால் எந்த ஈயம்? ஒருமுறையாவது காரீயம் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

சரி, கரண்டிக்கு வருவோம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கலவையைப் பெரும்பாலும் 370, 400 வரை கொண்டுபோய்த்தான் வார்ப்பார்கள். மேற்பரப்பை வழித்துவிட்டால் வெள்ளி போல மின்னும். திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டிவிடும், காய்ச்சி இறக்கிய பாலைப் போல. அந்த ஏடு அச்சுக்குள் போனால் குண்டில் பள்ளம் விழும். ஏட்டை விட்டுவிட்டு அடியில் உள்ள தெளிவை ஊற்றுகிறதா என்பதுதான் கரண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது. பெயர் வைக்கிற நமக்கும் அதுவே பிடி.

லீ நிறுவனத்தின் கரண்டி சின்னது, வாய் திறந்தது. விளிம்பு வழியாக ஊற்றுவதால் ஏடும் கூடவே வரப் பார்க்கும். சிறு குண்டுகளுக்கு அது போதும். லைமன் கரண்டி பாதி மூடியது, பக்கவாட்டில் ஒரு மூக்கு. அச்சைச் சாய்த்துப் பிடித்து, மூக்கை அச்சின் வாயில் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே நிமிர்த்த வேண்டும். கரண்டியில் நிற்கும் ஈயத்தின் பாரம் கீழே உள்ளதை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தள்ளும். மூக்கு ஒரே பக்கம் என்பதால் இடக்கைக்காரர் பார்த்து வாங்க வேண்டும். ரோவெல் வகையில் கிண்ணத்தின் அடியிலிருந்தே ஒரு கால்வாய் மூக்குக்கு ஏறுகிறது. சாய்த்தால் அடியில் உள்ளது முதலில் வரும், ஏடு பின்தங்கிவிடும்.

அளவு பற்றியும் நீங்கள் எழுதவில்லை. 500 கிரெயின் குண்டு என்பது ஏறத்தாழ 32 கிராம். அதற்கு 32 கிராம் மட்டும் மொண்டால் ஊற்றுவதற்குள் சூடு இறங்கி, குண்டு சுருக்கம் விழுந்து வரும். பல குண்டுகளுக்கு ஆகிற ஈயம் உள்ளே இருந்தால்தான் ஒரு குண்டு ஒழுங்காக வரும். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே அகப்பையில் இருந்தால்தான் அச்சில் வரும்.

அகப்பை என்றே வைத்துக்கொள்வோம். கரண்டி தட்டையாகவும் இருக்கலாம். தோசைக் கரண்டியும் கரண்டி, கொத்தனார் கையில் இருப்பதும் கரண்டி. அகப்பை என்றால் குழிவு நிச்சயம். "முகத்தல்" என்பதிலிருந்து "முகவை" என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் செய்தித்தாளில் முகவை என்றால் இராமநாதபுரம்.

என் பரிந்துரை: அடிவார் அகப்பை.

அன்புடன்

—

> என் பரிந்துரை: அடிவார் அகப்பை.

ஐயா, ஒரு திருத்தம். கோவையில் இருபது ஆண்டுகளாக வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். எங்களுக்குப் பாட்டம் போர் லேடில் என்றால் அடியில் ஓட்டை உள்ளது. உள்ளே ஒரு தண்டு அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். நெம்பித் தூக்கினால் நேராகக் கீழே கொட்டும். நீங்கள் வர்ணிப்பதை நாங்கள் டீப்பாட் லேடில் என்போம். குண்டு வார்ப்பவர்கள் பெயரை மாற்றிப் புழங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இதோடு போகவில்லை. அடியில் குழாய் வைத்த மின் உலைகளையும் அவர்கள் பாட்டம் போர் என்றே சொல்கிறார்கள். லீயின் 20 பவுண்டு உலை அப்படிப்பட்டது. அதில் நெம்புகோலைத் தூக்கினால் ஈயம் நேராக அச்சில் இறங்கும், அகப்பையே வேண்டாம். "அடிவார்" என்பதை அகப்பைக்குக் கொடுத்துவிட்டால் உலைக்கு எதைக் கொடுப்பீர்கள்?

கட்டுரையில் ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அகப்பையில் துளி ஈரம் இருந்து, அப்படியே உருகிய ஈயத்தில் அமிழ்த்தினால், நீராவி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். முதலில் உலை விளிம்பில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

—

> உலைக்கு எதைக் கொடுப்பீர்கள்?

தோற்றேன். "அடிவார்" உலைக்கே போகட்டும்: அடிவார் உலை. அங்கே அது உண்மையும் கூட.

நேற்று மாலை எங்கள் ஊர்க் கடற்கரையில் வலைக்கு ஈயம் வார்ப்பவரிடம் போனேன். பழைய குழிக்கரண்டி ஒன்றில் முழ நீளத்துக்கு இரும்புக் கம்பியைப் பற்றவைத்திருந்தார். வேலைக்கு நடுவே அதைச் சட்டியிலேயே விட்டார், அது மிதந்தது! இரும்பைவிட ஈயம் கனம் என்று பள்ளியில் படித்ததுதான், ஆனாலும் இரும்பு மிதப்பதைக் கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. சூடு ஆறாமலிருக்க அப்படி விடுவதாகச் சொன்னார். ஊற்றும்போது இடது கையில் ஒரு மூங்கில் சிம்பால் ஏட்டை ஒதுக்கிப் பிடித்தார். ரோவெல் அகப்பையின் கால்வாய் செய்கிற வேலையை அந்தச் சிம்பு செய்தது. "இதுக்கு என்னண்ணே பேரு?" என்றேன். "கரண்டிதான். வேறென்ன?"

திரும்பி வரும்போது முதலில் தோன்றியது பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தக் கூர்மூக்குக் கிண்ணம் லீ கரண்டிக்கு அச்சு அசல் பொருத்தம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாலின் ஏட்டுக்கும் பாலாடை என்றே பெயர். ஏட்டைத் தவிர்க்கிற கருவிக்கு ஏட்டின் பெயரா? அதைவிடப் பெரிய காரணம், காரீயம் குழந்தைகளுக்கு நஞ்சு. ஒருமுறை ஈயம் தொட்ட கரண்டி மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது என்று கட்டுரை எழுதியவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுரையில் பாலாடை என்ற சொல்லைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கெண்டி சரியாக வரும் என்று நினைக்கிறேன். வயிற்றிலிருந்து மூக்கு கிளம்பும் பாத்திரம் அது. மேலே துளசி மிதந்தாலும் மூக்கு வழியாக நீர் மட்டும் வரும். மலாய்க்காரர்கள் "கெண்டி" என்றே இன்றும் சொல்கிறார்கள். டீப்பாட் என்று வார்ப்படக்காரர்கள் சொல்வதற்கும் இது பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே ரோவெல் வகை கெண்டி அகப்பை, லைமன் வகை மூக்ககப்பை, லீ வகை வெறும் அகப்பை. மூன்றையும் சேர்த்துச் சொல்ல "வார்ப்பகப்பை" இருக்கட்டும். "வார்ப்புக் கரண்டி"க்கு நான் சொன்ன குழப்பம் இதிலும் கொஞ்சம் மிஞ்சும்; பக்கத்தில் காரீயம் என்ற சொல் நின்றால் தெளிந்துவிடும்.

அன்புடன்

—

> ரோவெல் வகை கெண்டி அகப்பை

கெண்டி என்றால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கே பாட்டி வீட்டு நினைவுதான். இருந்தாலும் அதையே போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் "தேநீர்க் கூஜா போல அடியிலிருந்து மூக்கு ஏறும்" என்று விளக்கி. ஈர அகப்பை எச்சரிக்கையைப் படத்துக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். அச்சின் மேலுள்ள, ஊற்றுத் துளை கொண்ட தகடான ஸ்ப்ரூ பிளேட்டுக்கு "வாய்த்தகடு" என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.