சாயப்பட்டறை உப்பு "ஒரு கல்லும் வீணாவதில்லை" என்பது உண்மையா?

சென்னிமலையான்:
"திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஒரு சொட்டு நீரோ ஒரு கல் உப்போ வீணாவதில்லை, இயற்கை வளத்தை நிலைத்த முறையில் பயன்படுத்தும் வேதியியலை உலகம் இங்கே வந்து கற்கலாம்" என்று நேற்று ஒருவர் இங்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நீரைப் பற்றி நான் வழக்காடவில்லை. ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. ஆனால் "ஒரு கல் உப்பும்" என்ற சொற்களைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது. நீரில் நனைந்த பருத்தி இழையும், அதோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணிக்கவே உப்பு கொட்டப்படுகிறது. அடர்நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ வரை செல்லும். அதில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். அவ்வளவும் மீண்டும் தொட்டிக்கே போகிறதென்றால், சுத்திகரிப்பு நிலையங்களின் தகரக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் கலப்பு உப்பு எங்கிருந்து வந்தது?

பட்டறை மகன்:
எழுதியவன் நான்தான். "ஒருவர்" என்று மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது பட்டறையைப் பூட்டிவிட்டு, கடன் வாங்கி, கழிவுநீர் வெளியேறாத முறைக்கு மாறித் திறந்தவர்கள் நாங்கள். உப்புக்கு வருகிறேன். சோடியம் சல்பேட்டு 32 பாகை செல்சியசுக்கு அருகில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரையும். சுழியப் பாகையில் 5 கிராம்கூடக் கரையாது. செறிவூட்டிய கரைசலைக் குளிரவைத்தால் கிளாபர் உப்பு, அதாவது நீரேறிய சோடியம் சல்பேட்டு, படிகமாகப் பிரிந்துவிடும், அதையே மீண்டும் சாயத்தொட்டிக்கு எடுக்கிறோம். இது பள்ளிப் பாடம்.

சென்னிமலையான்:
அந்தப் பள்ளிப் பாடத்தின் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுழியப் பாகையில் 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39 கிராம். குளிரவைத்தாலும் சூடாக்கினாலும் அது அசைவதில்லை. ஆகவே சல்பேட்டு பிரிந்த பிறகு மிஞ்சும் தாய்க்கரைசலில் குளோரைடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதை ஆவியாக்கி மூட்டை கட்டாமல் வழியில்லை. அந்த மூட்டையைத்தான் கேட்கிறேன்.

பட்டறை மகன்:
நாங்கள் கிளாபர் உப்பு மட்டுமே போடுகிறோம். காரத்தைக் கந்தக அமிலம் கொண்டே நடுநிலையாக்குகிறோம். குளோரைடு எங்கிருந்து வரும்?

சென்னிமலையான்:
நீரின் கடினத்தன்மையை நீக்கும் வாட்டர் சாப்ட்னர் பிசினை எதைக் கொண்டு புதுப்பிக்கிறீர்கள்? சாதாரண உப்பால். நிறம் நீக்கக் குளோரின் சேர்த்தால் அது எதில் முடிகிறது? குளோரைடில். "மீட்ட உப்பு" என்று பெருமையோடு கொடுக்கப்பட்ட ஒரு பொட்டலத்தைக் கரைத்து, அதில் வெள்ளி நைட்ரேட்டு ஒரு சொட்டு விட்டேன். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தது, குளோரைடுக்கு அதுதான் அடையாளம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பட்டறை மகன்:
நீர்த்த நைட்ரிக் அமிலம் முதலில் சேர்த்தீர்களா? அது சேர்க்காவிட்டால் கார்பனேட்டும் வெள்ளி நைட்ரேட்டோடு வெள்ளையாக வீழ்படியும். கரைசல் செறிவாக இருந்தால் வெள்ளி சல்பேட்டே வீழ்படியும். தங்கள் கிணற்று நீரில் விட்டாலும் வெண்மை வரும், அதற்கும் எங்களையே குற்றம் சொல்வீர்களா?

சென்னிமலையான்:
சொல்வேன். நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாகிப் போனது. அதன் கீழே உள்ள எங்கள் கிணறுகளில் குளோரைடு எப்படி ஏறியது என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே படிக்கலாம். என் தந்தை தென்னையை விட்டுவிட்டு லாரிக்குப் போனார். கிணற்றை எடுத்துக்காட்டாகச் சொல்ல உங்களுக்குத்தான் துணிச்சல் வரும்.

நடுவழி:
ஐயா, "நிலைத்த பயன்பாடு" என்று எதைச் சொல்கிறோம், எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்று முதலில் வகுத்துக்கொண்டால், இந்த விவாதத்தில் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

அவுரி:
ரியாக்டிவ் சாயத்தையே விட்டு அவுரி, மஞ்சிட்டி போன்ற தாவரச் சாயங்களுக்குத் திரும்பினால் உப்பும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம்.

பட்டறை மகன்:
மஞ்சிட்டி படிகாரம் இல்லாமல் பருத்தியில் பிடிக்காது. படிகாரத்திலுள்ள அலுமினியம் எங்கே போகும்? அவுரி காரத்தில் ஒடுக்கப்பட்டால்தான் கரையும். உலகம் கேட்கும் பனியன் துணிக்கு அத்தனை அவுரியை எந்த நிலத்தில் விளைவிப்பீர்கள்? இவர் எல்லா விவாதத்திலும் இதையே சொல்கிறார்.

அவுரி:
எல்லா விவாதத்திலும் நீங்களும்தான் கடனைச் சொல்கிறீர்கள்.

சென்னிமலையான்:
அவுரியை விடுங்கள். ஆவியாக்கிக்கு நீராவி எதில் வருகிறது என்று இவரைக் கேளுங்கள். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வேண்டும். ஐந்து அடுக்கு வைத்து அதே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும், ஒரு டன் நீராவிக்கு நான்கு டன் அளவுக்குத்தான் நீர் போகும். அந்த நீராவிக்குப் பாய்லரில் விறகு எரிகிறது. நதியைக் காப்பாற்றத் தோப்பை எரிக்கும் வேதியியலைத்தான் உலகம் வந்து கற்க வேண்டுமா?

பட்டறை மகன்:
வேலிகாத்தான் முள்விறகு எரித்தால் தோப்பு எரிகிறதா? கழிவை ஆற்றில் விட்டபோது ஆற்றை அழித்தோம் என்றீர்கள். விடாமல் ஆவியாக்கினால் காட்டை அழிக்கிறோம் என்கிறீர்கள். போன மாதம் அமராவதி ஆற்று மணல் பற்றிய விவாத இழையிலும் தங்கள் கணக்கு இப்படித்தான் பக்கம் மாறியது.

சென்னிமலையான்:
அந்த இழையில் பதில் சொல்லாமல் எழுந்து போனவர் யார் என்பது பலருக்கும் நினைவிருக்கும். நான் மணலுக்கு வரவில்லை, விறகையும் இப்போது விட்டுவிடுகிறேன். கலப்பு உப்புக்கு வாருங்கள். ஐப்பசி ஈரத்தில் அந்த மூட்டைகளின் அடி கசிந்து, சிமெண்டுத் தரையில் பழுப்பாக வழிந்து, காய்ந்தபின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்காக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சல்பேட்டு, குளோரைடு, உடைந்த சாயம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் அதை எந்தப் பட்டறை வாங்கும்? வாங்க ஆளில்லாததால்தானே மூட்டையாகக் கிடக்கிறது?

பட்டறை மகன்:
அதைப் பிரித்தெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. நானோ வடிகட்டிச் சவ்வு இரட்டை மின்னேற்றமுள்ள சல்பேட்டைத் தடுத்து, குளோரைடை விட்டுவிடும். அது தெரியாமல் எழுதுகிறீர்கள்.

சென்னிமலையான்:
தெரியும். விட்டுவிட்ட குளோரைடு எங்கே போகிறது? மூட்டைக்கு. ஒரு கல்லும் வீணாவதில்லை என்றவர் நீங்கள். மூட்டை இருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை எழுதுங்கள், போதும்.

நடுவழி:
நான் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை.

பட்டறை மகன்:
தங்கள் வெள்ளை வீழ்படிவு அம்மோனியாவில் கரைந்ததா? வெயிலில் வைத்தபோது ஊதாவாகக் கறுத்ததா? குளோரைடானால் இரண்டும் நடக்கும். அதைச் சொல்லிவிட்டு மூட்டையைப் பற்றிப் பேசுங்கள்.

சென்னிமலையான்:
கரைந்தது, கறுத்தது. நைட்ரிக் அமிலமும் சேர்த்தேன். படம் வேண்டுமானால் போடுகிறேன். மூட்டை?

பட்டறை மகன்:
படத்தில் எந்த நிலையத்தின் உப்பு என்று எப்படித் தெரியும்? கடையில் வாங்கிய கல்லுப்பாகவும் இருக்கலாம்.